இரண்டு மதிப்பெண் குறைந்த கதை

திரையில் இரண்டே வழிகள். மதிப்பெண்ணைப் பதிவு செய்யலாம், அல்லது ரத்து செய்யலாம். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வை ஏறத்தாழ நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுதி முடித்த கையோடு இதைக் கேட்பது கொஞ்சம் குரூரம்தான். எவ்வளவு வாங்கியிருக்கிறாய் என்று சொல்லாமலே வேண்டுமா வேண்டாமா என்று கேட்பார்கள். ரத்து செய்தால் அந்த எண் கண்ணில் படாது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்யச் சொன்னேன். ஆங்கிலப் பகுதியான வெர்பலில் 152, கணக்குப் பகுதியான குவான்டில் 164. இது 2023 மே மாதம்.

போதாது என்று தோன்றியதால் அதே ஆண்டு நவம்பரில் மறுபடி எழுதினேன். ஆறு மாதம் உழைத்த உழைப்புக்கு வந்த விடை: வெர்பல் 157, குவான்ட் 162.

வெர்பலில் ஐந்து ஏறியது எனக்குக் கண்ணிலேயே படவில்லை. குவான்டில் இரண்டு இறங்கியதுதான் ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்தது. கணக்கில் பின்னால் போயிருக்கிறேனா? முதல் தடவை வாங்கியது குருட்டு அதிர்ஷ்டமா? இந்த மதிப்பெண் எப்படி உருவாகிறது என்று ஒழுங்காக உட்கார்ந்து படித்தது அந்த வாரத்தில்தான். முதல் தேர்வுக்கு முன்பே படித்திருக்க வேண்டியது. யார் சொன்னால் கேட்கிறோம்.

முதலில் மாமாவின் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் போடுவது அந்தக் கணக்குதான். முதல் தேர்வு முடிந்ததும் போன் செய்தார். “340-க்கு 316-ஆ? 93 சதவீதம் வருதேம்மா! இதுக்கா அழுவுற?” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜி.ஆர்.இ. அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. ஒவ்வொரு பகுதியும் 130-இல் தொடங்கி 170-இல் முடிகிறது. விடையளித்த எல்லாமே தப்பாக இருந்தாலும் கூட்டுத்தொகை 260-க்குக் கீழே போகாது. ஆகவே உண்மையில் கையில் இருப்பது 80 படிகள். அதில் நான் ஏறியது 56. மாமாவின் 93 இங்கேயே 70 ஆகிவிட்டது. இந்த 70-க்கும் பெரிய அர்த்தம் கிடையாது என்பது அடுத்த சங்கதி. வெர்பலையும் குவான்டையும் கூட்டிப் பார்க்காதீர்கள், தனித்தனியாகப் பாருங்கள் என்று தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனமே பல்கலைக்கழகங்களிடம் சொல்கிறது. நாம்தான் ‘320 பிளஸ்’ என்று கூட்டிக் கூட்டிப் பேசுகிறோம்.

ஏன் கூட்டக்கூடாது? இரண்டு பக்கத்திலும் 160 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெர்பல் 160 என்றால், எழுதியவர்களில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் உங்களுக்குக் கீழே. குவான்ட் 160 என்றால் ஏறக்குறைய பாதிப் பேர்தான் கீழே. அதே எண், வேறு வேறு இடம். இந்த இடத்தைச் சொல்வதுதான் பர்சன்டைல். உங்களைவிடக் குறைவாக வாங்கியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது மட்டுமே அது. எத்தனை கேள்விக்குச் சரியாக விடை எழுதினீர்கள் என்பதோடு நேரடித் தொடர்பு இல்லை. குவான்டில் முழு 170 வாங்கினாலும் பர்சன்டைல் தொண்ணூறைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும், வெர்பலில் அதே 170 என்றால் 99. கணக்கில் கெட்டிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இந்தத் தேர்வை எழுதுகிறார்கள், அவ்வளவுதான் காரணம். இன்னொன்று: பர்சன்டைல் அண்மைய மூன்று ஆண்டுகளில் எழுதியவர்களோடு ஒப்பிட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அதனால் உங்கள் 162 அப்படியே இருக்க, அதன் பக்கத்தில் இருக்கும் எண் மட்டும் அடுத்த ஆண்டு நகர்ந்திருக்கலாம். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் பின்தங்கியிருப்பீர்கள்.

2011 ஆகஸ்டுக்கு முன் எழுதியவர்களுக்கு 200 முதல் 800 வரை என்ற பழைய அளவுகோல், பத்துப் பத்தாக ஏறுவது. 780-க்கும் 760-க்கும் இடையே ஏதோ பெரிய பள்ளம் இருப்பது போல மிரட்டும். உண்மையில் இரண்டே படி. இப்போது ஒன்று ஒன்றாக ஏறுவதால் சின்ன வித்தியாசம் சின்னதாகத் தெரிய வேண்டும். தெரிகிறதா? எனக்கு அந்த நவம்பரில் தெரியவில்லை.

சரி, என் இரண்டு மதிப்பெண்ணுக்கு வருவோம். மே மாதம் நான் எழுதியது பழைய நீளத் தேர்வு, மூன்றே முக்கால் மணி நேரம். வெர்பலில் இருபது இருபதாக இரண்டு செக்‌ஷன், குவான்டிலும் அப்படியே. அதற்கு மேல் கணக்கில் சேராத ஒரு செக்‌ஷனையும் நடுவில் சொருகுவார்கள், எது என்று சொல்லமாட்டார்கள். எனக்கு மூன்று குவான்ட் வந்தது. மூன்றில் எது போலி என்று இன்றுவரை தெரியாது. மிக நன்றாக எழுதியதுதான் போலியாக இருந்திருக்கும் என்று ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. 2023 செப்டம்பர் 22 முதல் தேர்வைச் சுருக்கிவிட்டார்கள். போலி செக்‌ஷன் போனது, இரண்டு கட்டுரைகளில் ஒன்று போனது, இடைவேளையும் போனது. மொத்தம் 1 மணி 58 நிமிடம். குவான்ட் முதல் செக்‌ஷனில் 12 கேள்வி, 21 நிமிடம். இரண்டாவதில் 15 கேள்வி, 26 நிமிடம். வெர்பலிலும் 12, 15. நேரம் மட்டும் 18, 23 நிமிடங்கள்.

கூட்டிப் பாருங்கள். முன்பு ஒரு பகுதிக்கு 40 கேள்வி, இப்போது 27. அளவுகோலோ மாறவில்லை, 130-இலிருந்து 170 வரை அதே 41 எண்கள். 27 கேள்விகளை 41 எண்கள்மேல் பரப்பினால், ஒரு கேள்வி சராசரியாக ஒன்றரை மதிப்பெண்ணைச் சுமக்கும். இது தோராயம்தான், எந்தக் கேள்வித்தாள் வந்தது என்பதைப் பொறுத்து, சரியான விடைகளின் எண்ணிக்கையை மதிப்பெண்ணாக மாற்றும் அட்டவணையே மாறும். தாள்களுக்கிடையே இருக்கும் கடினத்தைச் சமன்செய்யத்தான் அந்த மாற்றமே. ஆனாலும் என் இரண்டு மதிப்பெண் வீழ்ச்சி என்பது ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு கேள்வி. கர்சர் ஒரு வரி தள்ளிப் பட்டிருந்தால்கூடப் போதும்.

இதற்கு முறையான பெயரும் உண்டு: அளவீட்டின் திட்டப்பிழை. ஒரே ஆள், அதே அறிவோடு, பல தடவை இந்தத் தேர்வை எழுதினால் மதிப்பெண் ஒரே இடத்தில் நிற்காது, சற்று மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டம் எவ்வளவு என்று ஈ.டி.எஸ். கணக்கிட்டு வெளியிடுகிறது. வெர்பலிலும் குவான்டிலும் அது இரண்டு மூன்று மதிப்பெண் அளவில் இருக்கிறது. அதாவது 162 என்று அச்சிட்டிருப்பதை 160-க்கும் 164-க்கும் நடுவில் எங்கோ என்று படிப்பதுதான் நியாயம், அதுவும் மூன்றில் இரண்டு தடவை மட்டும் சரியாக வரும் நியாயம். இரண்டு மதிப்பெண்களைக் கழித்துப் பார்க்கும்போது இரண்டின் ஆட்டமும் சேர்ந்துகொள்வதால் மங்கல் இன்னும் கூடும். என் 164-உம் 162-உம் ஒரே ஆள் இரண்டு நாள் எடுத்த உடல் எடை மாதிரி. ஒரு வாரத் தூக்கத்தை அதற்குக் கொடுத்திருக்கிறேன்.

அதே அளவுகோலை வெர்பலுக்கும் வைக்க வேண்டும் இல்லையா? வைத்துப் பார்த்தேன். 152-இலிருந்து 157, ஐந்து படி. அதிலும் கொஞ்சம் காற்று இருக்கலாம், ஆனால் முழுவதும் காற்று இல்லை. அங்கே நான் ஏதோ சரியாகச் செய்திருக்கிறேன் என்று நம்ப இடம் இருந்தது.

என்ன செய்தேன் என்றால், முதல் தடவை செய்ததை நிறுத்தினேன். முதல் தடவை ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, அவர்கள் கொடுத்த ஆயிரத்துச் சொச்சம் சொற்களை அட்டை அட்டையாக மனப்பாடம் செய்தேன். ஒரு சொல், ஒரு பொருள். ‘குவாலிஃபை’ என்றால் தகுதி பெறுதல். ஆனால் இந்தத் தேர்வில் ஒருவர் ஒரு கருத்தைக் ‘குவாலிஃபை’ செய்கிறார் என்றால் அதை வரையறுத்துக் கட்டுப்படுத்துகிறார் என்று பொருள். ‘குவாலிஃபைடு’ பாராட்டு என்றால் ‘ஆனால்’ போட்டுத் தருகிற பாராட்டு. ‘சேங்‌ஷன்’ என்றால் அனுமதி, அதே சொல்லுக்குத் தண்டனை என்றும் பொருள். ‘டெம்பர்’ வினைச்சொல்லாக வந்தால் கோபம் இல்லை, தணிப்பது. எனக்குத் தெரியாத சொற்கள் என்னைக் கவிழ்க்கவில்லை. தெரியும் என்று நினைத்த இந்தச் சொற்கள்தான் கவிழ்த்தன. இரண்டாம் தடவை அட்டைகளை மூட்டை கட்டிவிட்டு, நீளமான கட்டுரைகளை மெதுவாகப் படித்து, ஒவ்வொரு பத்தியிலும் எழுதியவர் எங்கே திரும்புகிறார் என்று பென்சிலால் குறித்தேன். ‘இருப்பினும்’, ‘போலத் தோன்றினாலும்’ வகையறாச் சொற்கள் வரும் இடங்கள். கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளில் விடை பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

இன்னொரு வேலை, பிழை நோட்டு. மாக் டெஸ்ட் எழுதி, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, அடுத்த மாக் டெஸ்டுக்குப் போவது என் பழைய பழக்கம். நாலு வாரம் அதை நிறுத்தி, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி எழுதினேன்: ஏன் தவறியது. 61 பிழைகள் சேர்ந்தன. பாடம் தெரியாமல் விட்டவை 14. நேரம் போதாமல் விட்டவை 14. மீதி 33-உம் தெரிந்த கேள்வியைப் பாதி படித்துவிட்டுப் பாய்ந்தவை. கேட்டது சுற்றளவு, நான் கண்டது பரப்பளவு. ‘எது பொருந்தாது’ என்று கேட்டிருக்க, பொருந்துவதை எடுத்திருக்கிறேன். அந்த 33-ஐ எந்தப் பாடப்புத்தகமும் சரிசெய்யாது.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். குவான்டில் ஒப்பீட்டுக் கேள்வி என்று ஒரு வகை. இரண்டு அளவுகள் தருவார்கள். முதலாவது பெரிதா, இரண்டாவது பெரிதா, சமமா, அல்லது சொல்ல முடியாதா என்று கேட்பார்கள். ‘க’ என்ற எண் 1-ஐவிடச் சிறியது. க-வின் வர்க்கம், க-வின் கனம், எது பெரிது? அரை என்று வைத்தேன். வர்க்கம் கால், கனம் அரைக்கால். வர்க்கம் பெரிது. எதிர்ம எண்ணையும் பார்க்க வேண்டும் என்று தெரியும், அதனால் மைனஸ் 2 வைத்தேன். வர்க்கம் 4, கனம் மைனஸ் 8. மறுபடியும் வர்க்கம்தான் பெரிது. பின்னமும் பார்த்தாயிற்று, எதிர்மமும் பார்த்தாயிற்று என்று தெம்பாக முதல் விடையைத் தட்டினேன். தப்பு. பூஜ்யமும் 1-ஐவிடச் சிறியதுதான். அதன் வர்க்கமும் பூஜ்யம், கனமும் பூஜ்யம், இரண்டும் சமம். ஆகவே சொல்ல முடியாது என்பதே விடை. எட்டாம் வகுப்புக் கணக்கு. நோட்டில் அன்று ‘பூஜ்யம்!!’ என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டேன். அதே வட்டத்தை அடுத்த பத்து நாளில் இன்னும் மூன்று இடத்தில் போட்டிருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்வதானால்.

மதிப்பெண் முறை தெரிந்தால் தேர்வு எழுதும் விதமும் மாறும். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எதையும் வெறுமனே விடுவது மடத்தனம். ஒரு செக்‌ஷனுக்குள் எல்லாக் கேள்விக்கும் ஒரே எடை. இந்த இரண்டையும் சேர்த்து யோசியுங்கள். மூன்று கோடிட்ட இடங்கள் உள்ள கேள்வியில், இடத்துக்கு மூன்று விருப்பங்கள். மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், இரண்டு சரி என்றால் ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் 27-இல் ஒரு வாய்ப்பு. ஆறு சொற்களில் ஒத்த பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் 15-இல் ஒன்று. ஒரே கோடிட்ட இடம் என்றால் ஐந்தில் ஒன்று. மூன்றுக்கும் எடை ஒன்றே. வெர்பலில் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்தான் சராசரியாகக் கிடைக்கிறது என்னும்போது, மூன்று இடக் கேள்வியோடு மூன்று நிமிடம் மல்லுக்கட்டுவது யாருக்கு லாபம்? ஏதோ ஒன்றை அடித்து, குறியிட்டு வைத்துவிட்டுப் போய், நேரம் இருந்தால் திரும்பி வரலாம். செக்‌ஷனுக்குள் முன்னும் பின்னும் போக அனுமதி உண்டு. இதை நான் முதல் தேர்வில் ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை. எடுத்த கேள்வியை விடக்கூடாது என்று ஒரு வீம்பு.

இரண்டாவது செக்‌ஷன் எவ்வளவு கடினமாக வரும் என்பதை முதல் செக்‌ஷனில் நீங்கள் எழுதியது தீர்மானிக்கிறது. மதிப்பெண் கணக்கிடும்போது அந்தக் கடினத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். இது தெரிந்ததும் எல்லோரும் செய்கிற தப்பு, இரண்டாவது செக்‌ஷன் தொடங்கியதும் நாடி பிடித்துப் பார்ப்பது. முதல் கேள்வி எளிதாக வந்துவிட்டதே, போச்சா? கடினமான செக்‌ஷனிலும் எளிய கேள்விகள் இருக்கும். உங்களுக்கு எளிதாகப் படுவது பொதுவில் கடினமானதாகவும் இருக்கலாம். எப்படியும் அந்த நிமிடத்தில் அதைத் தெரிந்து செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

கட்டுரைப் பகுதி பற்றி என்னிடம் சொல்ல அதிகமில்லை. அரை மணி நேரம், ஒரு தலைப்பு, 0 முதல் 6 வரை அரை அரையாக மதிப்பெண். ஒரு மனிதரும் இ-ரேட்டர் என்ற மென்பொருளும் தனித்தனியாகத் திருத்தி, ரொம்ப முரண்பட்டால் இன்னொரு மனிதரிடம் போகும். மே மாதம் 3.5, நவம்பரில் 4. ஏன் அரை கூடியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது; கையில் ஒரு நல்ல உதாரணம் இருந்தது, அதுவாக இருக்கலாம்.

எம்.பி.ஏ. படிப்புக்கான ஜிமேட் தேர்வை எழுதிய தோழி ஒருத்தி என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தாள். அங்கே செக்‌ஷன் செக்‌ஷனாக இல்லை, கேள்விக்குக் கேள்வி கடினம் மாறும். 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை, எல்லாமே 5-இல் முடியும். பழைய 200–800 எண்ணோடு குழம்பாமலிருக்கத்தான் அந்த 5. குழப்பம் நிற்கவில்லை. அவள் 655 வாங்கிவிட்டு, 700-ஐத் தொடவில்லை என்று அழுதிருக்கிறாள். புதிய அளவில் 645, 655 எல்லாம் ஏறத்தாழப் பழைய 700-க்கு நிகர் என்று தெரிந்ததும் அழுகை நின்றது. மதிப்பெண் அதேதான், அட்டவணையைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத் துறைகள் இந்த எண்ணை வைத்து என்ன செய்கின்றன என்பதுதான் கடைசிக் கேள்வி. ஒற்றை வெட்டு மதிப்பெண்ணை வைத்து ஆளை விலக்காதீர்கள் என்று ஈ.டி.எஸ். வழிகாட்டுகிறது, எல்லாத் துறைகளும் கேட்கின்றனவா என்றால், அது வேறு கதை. பல துறைகள் தேர்வையே கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டன, 2020-இல் கொரோனா வந்தபோது இது இன்னும் வேகமெடுத்தது. ஆகவே மறுபடி எழுதுவதா என்று முடிவெடுக்கும் முன், விண்ணப்பிக்கப் போகும் துறைகளின் பக்கங்களைத் திறந்து, அவை இந்தத் தேர்வைக் கேட்கின்றனவா, கேட்டால் எந்தப் பகுதியைப் பார்க்கின்றன என்று படிப்பது நல்லது. நான் விண்ணப்பித்த ஐந்தில் இரண்டு கேட்கவே இல்லை. அதை நான் கண்டுபிடித்தது இரண்டாவது தேர்வுக்குப் பிறகு.

போன மாதம் சித்தி மகன் தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்ததும் போன் செய்தான். குரல் கம்மியிருந்தது.

“அக்கா, குவான்ட் 165. மாக் டெஸ்ட்ல 167 வந்துச்சு. ரெண்டு போச்சு.”

“வெர்பல்?”

“159. அத விடுங்க. ரெண்டு எங்க போச்சுன்னே தெரியலக்கா. ஜீரோ எல்லாம் போட்டுப் பார்த்தேன். நாளைக்கே மறுபடி புக் பண்ணிடவா?”

மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும், அவசரமில்லை என்றேன். எந்தத் தேதியில் எழுதியதை அனுப்புவது என்று அவனே தேர்ந்தெடுக்கலாம் என்றேன். திட்டப்பிழை பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த நவம்பரில் என்னிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் இப்படித்தான் இருந்திருப்பேன் என்று பட்டது.

“டேய், நாளைக்கு முடியாது. ஒரு தடவை எழுதினா 21 நாள் இடைவெளி விடணும்” என்றேன்.

“நிஜமாவா?”

“நிஜமா. போய்த் தூங்கு.”